வெளியுறவுக் கொள்கை எழுதப் போகும் மலையக மாணவர்களுக்கு

பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் கூடி சர்வதேச உறவுகளுக்கென ஒரு கொள்கை வலையமைப்பைத் தொடங்கினால், அவர்களின் முதல் கட்டுரைத் தலைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: இந்து சமுத்திரத்தில் சீன–இந்தியப் போட்டியும் இலங்கையும். இதைக் கொழும்பில் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் வருடம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இராஜதந்திரிகளின் தொலைபேசி இலக்கங்களும் தூதரக அழைப்பிதழ்களும் அவர்களிடம் இருக்கின்றன. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு அதையே இன்னொரு தடவை எழுதினால், எழுதியவரின் சுயவிவரத்தில் ஒரு வரி கூடும். அவ்வளவுதான்.

மலையகத்தில் இருப்பவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிற விடயங்கள் வேறு. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோதுகூட, யாருக்குத் தகுதி என்பதை அதே 1964 ஒக்டோபர் 30 தான் தீர்மானித்தது: அன்றிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவருடைய வழித்தோன்றல். ஆகவே வெளியுறவுக் கொள்கை என்பது நமக்குத் தூரத்து விவகாரமல்ல. நம் பாட்டன் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது என்பதே ஒரு வெளியுறவுக் கேள்விதான்.

மலையக மாணவர் வலையமைப்பு ஒன்று செய்யவேண்டியது, தோட்டத்தில் கண்ணால் காணக்கூடிய ஒரு விடயத்தை எடுத்து, அது எந்த ஒப்பந்தத்தில், எந்த அமைச்சில், எந்த நாட்டின் சுங்கத்தில் போய் முடிகிறது என்று நூல் பிடித்துக்கொண்டு போவது. கொழும்பு ஆய்வாளருக்கு அந்த நூலின் மேல் நுனி தெரியும். கீழ் நுனி நம்மிடம் இருக்கிறது.

நூல் பிடிப்பது எப்படி

2017 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி, ரஷ்யா இலங்கையின் விவசாயப் பொருட்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்தப்போவதாக இலங்கை அறிவித்திருந்த நேரம் அது. அஸ்பெஸ்டஸை உலகுக்கு அதிகம் விற்கும் நாடு ரஷ்யா. இலங்கை அந்தக் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. வருடம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பிருந்ததென்று எந்த அரசும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் அதை நிரூபிக்கப்பட்ட உண்மையாக எழுதக்கூடாது. திகதிகளை வரிசையாக அடுக்கிவிட்டு வாசகரிடம் விடுங்கள்.

இதிலிருந்து கொள்கைக் கேள்வி எப்படிப் பிறக்கிறது? ‘ரஷ்யா வல்லரசு அரசியல் செய்கிறது’ என்பது கேள்வியல்ல, புலம்பல். ‘ஏற்றுமதிக்கு முன் தேயிலைக் கொள்கலன்களைப் புகையூட்டிச் சான்றளிக்கும் நடைமுறை எது, அதற்குப் பொறுப்பு யார், இறக்குமதி நாடு ஆட்சேபித்தால் எத்தனை நாளில் பதில் போகவேண்டும்?’ என்பது கேள்வி. இதற்குப் பதில் சொல்லவேண்டிய அலுவலகத்துக்குக் கதவிலக்கம் இருக்கிறது.

இன்னொன்று: 2021 டிசம்பரில், ஈரானுக்குக் கொடுக்கவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுப்பதென்று உடன்பாடானது. தேயிலை ஈரானுக்குப் போகும். ஏற்றுமதியாளருக்குரிய பணத்தை இங்கே பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயில் கொடுக்கும். டொலர் உள்ளே வராமல் தேயிலை வெளியே போகிற ஏற்பாடு இது. கொழும்பு ஏல விலைக்கும், அதன் வழியே சிறுதோட்டக்காரருக்குக் கிடைக்கும் பச்சைக்கொழுந்து விலைக்கும் என்ன ஆனது என்று கேட்டால், ஒரு பருவத்துக்குப் போதுமான ஆய்வு அதிலேயே இருக்கிறது. கொழும்பு ஏலம் வாராவாரம் நடப்பது. தரகு நிறுவனங்கள் விலை அறிக்கை வெளியிடுகின்றன. மூன்று வருட அறிக்கைகளை ஒரு அட்டவணையில் இட்டு, உயர்நில, நடுநில, தாழ்நிலத் தேயிலைகளைத் தனித்தனியே பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மத்திய கிழக்குக்காரர் வாங்குவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை. நுவரெலியாவின் விலை அசையாமல் இரத்தினபுரியின் விலை மட்டும் அசையலாம்.

தலைப்பு இறுதியாகுமுன் ஒரே ஒரு சோதனை போதும். தோட்டத்தில் என்ன மாறும், எந்தப் பத்திரம் மாறவேண்டும், அதில் யார் கையெழுத்துப் போடுவார் என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியத்தில் பதில் வரவேண்டும். மூன்றாவதுக்குப் பதில் ‘அரசாங்கம்’ என்று வந்தால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை: ஜீஎஸ்பி பிளஸ்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஜீஎஸ்பி பிளஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் தரும் இறக்குமதி வரிச் சலுகை. ‘ஜீஎஸ்பி பிளஸ் போனால் தேயிலை விழும், தோட்டம் மூடும்’ என்று மேடையில் பேசுகிறார்கள். மாணவர்கள் அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் கறுந்தேயிலைக்குச் சாதாரண வரியே பூச்சியம். சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டிக்கு வித்தியாசமில்லை. சலுகையின் பலனை அனுபவிப்பது முதலில் ஆடைத் தொழில், பிறகு மீன் போன்றவை.

அப்படியானால் மலையகத்துக்குச் சம்பந்தமில்லையா? நிறையவே இருக்கிறது, வேறு வழியில். கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம்தான் அந்த வழி. அதோடு, இச்சலுகைக்காக இலங்கை நடைமுறைப்படுத்தவேண்டிய 27 சர்வதேச உடன்படிக்கைகளில் தொழிலாளர் உரிமை சார்ந்தவையும் உண்டு. ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு வரும்போது தோட்டத் தொழிலாளர் நிலைமையை அந்த வாசலால் உள்ளே கொண்டுபோகலாம். 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டதும் 2017 மே மாதம் திரும்பக் கிடைத்ததும் இந்த உடன்படிக்கைகளை வைத்துத்தான். தேயிலையைப் பற்றிப் பிழையாக ஒரு வரி எழுதிவிட்டால், வர்த்தகத் திணைக்கள அதிகாரி அந்த வரியில் விரலை வைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் மூடிவிடுவார். எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்ட நாட்டின் சுங்கத் தீர்வைப் பட்டியலில் தேயிலைக்குரிய 0902 என்ற தலைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே பொதி நிறை 3 கிலோவுக்குக் கீழா மேலா, பச்சைத் தேயிலையா கறுப்பா என்பதற்கேற்ப நான்கு கிளைகள் இருக்கும். பத்து நிமிட வேலை.

பிரிவுகளை நாடு நாடாகப் பிரிக்காதீர்கள்

சீனா மேசை, இந்தியா மேசை, அமெரிக்கா மேசை என்று பிரிப்பது பார்வைக்கு அழகு. ஆறு மாதத்தில் அமெரிக்கா மேசையில் ஆளிருக்காது. விடய வாரியாகப் பிரிப்பதே நின்று பிடிக்கும். தேயிலைச் சந்தையும் எச்ச வரம்புகளும் (தேயிலையில் தங்கியிருக்க இறக்குமதி நாடு அனுமதிக்கும் இரசாயன அளவு) ஒரு பிரிவு. இந்திய உதவித் திட்டங்களும் குடியுரிமையும் ஒன்று. தொழில் நியமங்களும் ஐ.நா. பொறிமுறைகளும் ஒன்று. வெளிநாட்டு வேலைவாய்ப்பு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் போதும்: ஒருவர் எழுத, ஒருவர் எண்களையும் திகதிகளையும் சரிபார்க்க, ஒருவர் களத்துக்கு, ஒருவர் மொழிபெயர்ப்புக்கு. எழுதியவரே சரிபார்க்கக்கூடாது என்பது மட்டும் இறுக்கமான விதியாக இருக்கட்டும்.

ஆட்களை எங்கே பிடிப்பது? பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவர்கள் தாமாகவே வருவார்கள். நமக்கு அவசரமாக வேண்டியவர்கள் வேறு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர் இருந்தால் எச்ச வரம்பு பற்றிய கட்டுரை பிழைக்கும். 2015 இல் கிளைபொசேட் என்ற களைகொல்லிக்குத் தடை வந்தது. களைக்கு மாற்று மருந்துகளை அடித்தார்கள். ஜப்பானின் ஆய்வுகூடத்தில் வேறொரு களைகொல்லியின் எச்சம் அகப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. இந்தச் சங்கிலியில் வேதியியல் எங்கே முடிகிறது, இராஜதந்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல அரசியல் மாணவருக்கு மட்டும் முடியாது. சிங்களம் சரளமாக எழுதும் ஒருவரும் கட்டாயம்.

பல்கலைக்கழகத்துக்குள் சங்கமாகப் பதிவதானால் விரிவுரையாளர் ஒருவர் சிரேஷ்ட பொருளாளராக இருக்கவேண்டும். வெளியே இயங்குவதானால் யாப்பு, பதவியினர் பட்டியல், கூட்டத் தீர்மானம் மூன்றும் இருந்தால்தான் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசலாம். கூட்டங்களை இரவு எட்டு மணிக்கு இணையத்தில் வைப்பதே வழக்கம், ஆனால் தோட்டங்களின் மேல் டிவிசன்களில் சிக்னல் நிற்காது. முடிவுகளை அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள். குரல் பதிவு போட்டால் பிறகு யாரும் தேடி எடுக்க முடியாது.

தகவலறியும் உரிமை: இதில் நேரம் போனாலும் பரவாயில்லை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம்தான் மாணவர் வலையமைப்பின் உண்மையான ஆயுதம். 2017 பெப்ரவரி 3 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, காரணம் சொல்லவேண்டியதில்லை, ஆர்டிஐ 01 படிவம் இல்லாமல் சாதாரணக் கடிதமாகவும் எழுதலாம். பதியப்படாத அமைப்பாக இருந்தாலும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால் அமைப்பின் பெயரிலேயே கேட்கலாம். ஒரு மாணவரின் வீட்டு முகவரி அலுவலகமெல்லாம் சுற்றுவதைவிட அது பாதுகாப்பு.

இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளை உதாரணமாக எடுப்போம். அதற்கு முன் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டப் பகுதிக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் வழக்கமாக எழுதும் கேள்வி இப்படியிருக்கும்: ‘இந்திய வீட்டுத் திட்டம் ஏன் தாமதமாகிறது?’ தகவல் உத்தியோகத்தர் இதற்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, ஏனென்றால் இது தகவல் அல்ல, விளக்கம். அவர் கையிலிருக்கும் கோப்பையே கேட்கவேண்டும்:

‘10,000 வீடுகள் திட்டத்தின் கீழ் இன்றுவரை பயனாளிகளிடம் ஒப்படைக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், ஒப்படைத்த திகதி ஆகியவற்றுடன் கூடிய பட்டியலின் பிரதி. மேற்படி வீடுகளில் காணி உறுதி வழங்கப்பட்டவற்றின் பட்டியல். திட்டத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையின் பிரதி.’

ஒரு கடிதத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி போட்டால் ஒன்று அடுத்த அமைச்சுக்குரியது என்று சொல்லி மொத்தத்தையும் கிடப்பில் போட இடம் கொடுத்தவர்களாவோம். தமிழிலேயே எழுதலாம். சிங்களப் பிரதியொன்றை இணைத்தால் வேகம் கூடும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை நினைக்கத் தேவையில்லை. கடிதத்தை நேரில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால். அந்தத் திகதிதான் மிச்ச எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தருவதென்றால் முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். கோப்பு பெரிதென்றால் காரணம் சொல்லி இன்னும் 21 நாட்கள் எடுக்கலாம். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் முதல் மேன்முறையீட்டில்தான். பரீட்சை வரும், 14 நாள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

வெளியுறவு விடயங்களில் இன்னொரு சுவர் உண்டு. சட்டத்தின் 5 ஆம் பிரிவு, வேறொரு நாட்டுடனான உறவுக்குப் பாதகம் என்ற காரணத்தால் தகவலை மறுக்க இடம் தருகிறது. அதை முழுதாகப் படியுங்கள்: பாதகம் பாரதூரமானதாக இருக்கவேண்டும், சர்வதேச ஒப்பந்தம் பற்றியதானால் அந்தத் தகவல் இரகசியமென்ற நம்பிக்கையில் தரப்பட்டதாக இருக்கவேண்டும். பொதுநலன் மேலோங்கினால் மறுக்கவும் முடியாது. வீடு ஒப்படைத்த பட்டியலால் எந்த நாட்டு உறவும் கெட்டுவிடாது என்று மேன்முறையீட்டில் ஒரே பந்தியில் எழுதிவிடலாம். 9 ஆம் பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடமை அமைச்சருக்கு இருக்கிறது. அநேகமான அதிகாரிகளுக்கே இது நினைவில் இருக்காது. மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

களத்தில்

தோட்டம் என்பது பெரும்பாலும் கம்பனியின் பொறுப்பிலுள்ள காணி. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சொல்லாமல் மலைக்குள் நுழைந்து கொழுந்து பறிப்பவரிடம் பேசினால், மாலையில் விசாரிக்கப்படுவது நீங்கள் அல்ல, அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலோ, டவுனிலோ, கோயிலடியிலோ பேசுங்கள். சம்பளம் 10 ஆம் திகதி என்பதால் அதற்கு அடுத்த ஞாயிறு நல்ல நாள். சம்பளத் துண்டு வீட்டில் இருக்கும். துண்டைப் படமெடுப்பதானால் பெயரையும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தையும் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். பிறகு மென்பொருளில் மறைக்கலாம் என்று எடுத்த படம் எப்படியாவது யாருக்காவது போய்விடும்.

‘உங்கள் வாழ்வாதாரத்தில் உலகச் சந்தையின் தாக்கம் என்ன?’ என்று கேட்டால் கேட்டவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ‘அக்கா, இப்ப எத்தன கிலோ எடுத்தா முழுப்பேர் போடுறாங்க? போன வருசம் எத்தன? குறைஞ்சா அரைப்பேரா, கிலோக் கணக்கா?’ என்று கேளுங்கள். முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி. வாரத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் ஏலவிலை விழுந்தால் நாட்சம்பளம் உடனே குறைவதில்லை. வேலை நாள் குறையும், அல்லது கிலோ கூடும். சந்தை தோட்டத்துக்குள் வருகிற கதவு அதுதான். 2021 இன் இரசாயன உரத் தடையின்போது இதைப் பார்த்திருக்கலாம்: கொழுந்து குறைந்த மலையில் பழைய கிலோவை எடுக்க முடியாது. அந்தத் தடையின் வெளியுறவுப் பக்கம் இன்னும் விசித்திரம். சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் கப்பலில் வந்த சேதன உரத்தை இலங்கை ஏற்க மறுத்தது. கொடுப்பனவு நின்றதும் 2021 ஒக்டோபரில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் இலங்கை பணத்தைக் கட்டியது. இறங்காத உரத்துக்கு.

பதினைந்து பேரிடம் பேசிவிட்டு ‘60 சதவீதமானோர்’ என்று எழுதாதீர்கள். 15 பேரில் 9 பேர் என்று எழுதினால் போதும், படிப்பவர் மதிப்பார்.

நான்கு பக்கம்

கொள்கைச் சுருக்கம் 1,200 முதல் 1,500 சொற்கள். அதற்கு மேல் போனால் செயலாளரின் மேசையில் அது அடியில் போகும். முதல் பக்கத்தின் மேற்பாதியில் 150 சொற்களில் பிரச்சினை, பரிந்துரை, யாருக்கு என்ற மூன்றும். பிறகு ஆதாரம். பிறகு மூன்று தெரிவுகள். அதில் ஒன்று ‘இப்படியே விடுவது’, அதற்கு என்ன விலை என்பதோடு. பரிந்துரை எந்தக் கருவியில் நடக்கவேண்டும் என்று சொல்லுங்கள்: வர்த்தமானியா, சுற்றறிக்கையா, அமைச்சரவைப் பத்திரமா, ஒப்பந்தத் திருத்தமா. ஒப்பந்தத்தைத் திருத்து என்று கேட்டால் இரண்டு நாடும் இணங்கவேண்டும். சுற்றறிக்கையை மாற்று என்று கேட்டால் ஒரு செயலாளர் போதும். முடிந்தவரை இரண்டாவதைக் கேளுங்கள். வரலாறு அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம். மலையகத்தார் எழுதும் எல்லாச் சுருக்கங்களும் நம்மவருக்குக் குடியுரிமையை மறுத்த 1948 பிரசாவுரிமைச் சட்டத்தில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில்தான் நிகழ்காலத்துக்கு வருகின்றன. கோபம் நியாயமானது, இடம்தான் பிழை.

முதல் வரைவு தமிழில் இருக்கட்டும். பேசியவர்களுக்கு வாசித்துக்காட்டித் திருத்தியபின் அமைச்சுக்குச் சிங்களத்திலும் தூதரகத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஆங்கிலத்திலும் போகட்டும். கோப்பு ஒரு எம்பிக்குள் இருந்தால் தோட்டத்தில் டேட்டா குறைவாக இருப்பவரும் திறக்கலாம்.

எங்கே அனுப்புவது

இந்திய உதவித் திட்டமென்றால் கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்கும் தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது இரண்டு பக்கமும் அதே காகிதம் இருக்கும். பாராளுமன்றத்தில் ஒவ்வொரு அமைச்சுக்கும் ஆலோசனைக் குழு உண்டு. உங்கள் மாவட்ட உறுப்பினர் ஒருவர் அதில் இருந்தால், கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எழுதி அவரிடம் கொடுங்கள். முழு அறிக்கையைக் கொடுத்தால் அது காரின் பின்சீட்டில் கிடக்கும்.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 110 ஆம் இலக்கத் தோட்டங்கள் உடன்படிக்கையை இலங்கை 1995 இல் ஏற்றுக்கொண்டது. இதன் நிபுணர் குழுவுக்கு மாணவர்கள் நேரடியாக எழுதினால் அது எடுபடாது. அவதானிப்புகளைச் சமர்ப்பிக்கும் உரிமை தொழிற்சங்கங்களுக்கும் தொழில்கொள்வோர் அமைப்புகளுக்கும்தான். ஆகவே ஒரு சங்கத்தின் கடிதத்தலைப்பு தேவை. செப்டெம்பர் 1 க்கு முன் ஜெனீவாவில் இருக்கவேண்டும். சங்கங்களின் கூட்டம் கூடி முடிவெடுக்க இரண்டு மாதம் ஆகும் என்பதால் ஜூனிலேயே வரைவைக் கொடுத்துவிடவேண்டும். எந்தச் சங்கம் என்பதில் அரசியல் வரும். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது கோபிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வரைவைக் கொடுத்துவிட்டு யார் அனுப்பினாலும் சரி என்று இருப்பதே எங்கள் பரிந்துரை.

மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு யாரும் எழுதலாம். இலங்கையின் நான்காவது சுற்று 2023 பெப்ரவரி 1 ஆம் திகதி நடந்தது. அடுத்த சுற்றுக்குத் தனி அமைப்பாக எழுதினால் 2,815 சொற்கள், கூட்டாக எழுதினால் 5,630. ஒரு சொல் கூடினாலும் முறை அனுமதிக்காது. தமிழில் ஏற்கமாட்டார்கள். சமர்ப்பணம் அமைப்பின் பெயருடன் பகிரங்கமாக வெளியாகும் என்பதால் தோட்டத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் உள்ளே வைக்காதீர்கள். அடிமைத்தனத்தின் சமகால வடிவங்கள் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் 2021 இறுதியில் இங்கே வந்துபோய் எழுதிய அறிக்கையில் தோட்டத் தொழிலாளர் பற்றிச் சொன்னவற்றை மேற்கோள் காட்டி, அதன்பின் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று மட்டும் எழுதினாலே சொல் எண்ணிக்கை நிறைந்துவிடும்.

பணமும் கையளிப்பும்

எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்திடம் பணம் வாங்காதீர்கள். மண்டபம், மதியச் சாப்பாடு, பஸ் எல்லாம் பணம்தான். செலவு உண்மையில் அதிகமில்லை: போட்டோகொப்பி, பதிவுத் தபால், களத்துக்குப் போகும் பஸ் காசு. உறுப்பினர் சந்தாவில் ஓடும். வெளிநாட்டு நிதி வாங்கவே தீர்மானித்தால், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தில் பதிவு பற்றி முதலில் விசாரியுங்கள்.

மாணவர் அமைப்புகள் சாவது பெரும்பாலும் பட்டமளிப்பு நாளில். மின்னஞ்சல் கணக்கு ஒருவரின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தில் பதிந்திருக்கும். அவர் கட்டார் போய்விடுவார். கடவுச்சொல்லும் கூடவே போகும். தொடக்கத்திலேயே இரண்டு பேரின் இலக்கங்களை மீட்புக்குப் போட்டு, ஒருவர் முதலாம் வருட மாணவராக இருக்கட்டும். கையளிக்கவேண்டியது ஒரு பையில் அடங்கும்: திறந்திருக்கும் தகவல் விண்ணப்பங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் அடுத்த கெடுத் திகதி, பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதி, பேசிய அதிகாரிகளின் பதவிப்பெயர், சம்மதப் படிவங்கள், வங்கிப் புத்தகம். சம்மதப் படிவங்கள் தனி உறையில், பூட்டிய அலுமாரியில். மிச்சத்தை ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். புதிய குழு பொறுப்பெடுத்த வாரமே செய்யவேண்டிய முதல் வேலை, கெடுத் திகதி கிட்டியிருக்கும் மேன்முறையீட்டை எழுதி அனுப்புவது. அறிமுகக் கூட்டத்தை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.